தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தாருக்கு ஒரு திறந்த மடல்

தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தின் ஆயர் அவர்களுக்கும், சபைச் சங்கத்தாருக்கும், தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் நிர்வாகத்தில் இருக்கும் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் ஆலயத்தின் வரலாற்றை உங்களிடமே சொல்ல வருவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. தெரிந்தேதான் எழுதுகிறேன். நான் உங்கள் சபையைச் சேர்ந்தவன் இல்லை. பொறையாறில் வளர்ந்தவன், வீட்டில் விபூதி வழக்கம். ஆனாலும் வெளியூரிலிருந்து சொந்தக்காரர்களோ நண்பர்களோ வந்தால் அவர்களை அழைத்துக்கொண்டு தரங்கம்பாடி கோட்டை வாசலுக்குள் நுழைவதும், கிங்ஸ் ஸ்ட்ரீட்டில் நடந்து உங்கள் ஆலயத்தின் முன் நிற்பதும் எனக்குப் பழகிப்போன ஒன்று. அங்கே நின்று பதில் சொல்லிச் சொல்லித்தான் இந்த மடல் மனதில் உருவானது.

விண்ணப்பத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆலயத்துக்குள், வருகிறவர் நின்று படிக்கக்கூடிய ஓரிடத்தில், இந்தக் கட்டிடத்தின் கதையை முழுதாகத் தமிழில் எழுதி வையுங்கள். அதில் ராஜநாயக்கன் என்ற உபதேசியாரின் (ஆயர் பட்டம் இல்லாமல் போதிப்பவரின்) பெயர் இருக்கட்டும். அவர் ஏன் ஆயராக ஆக்கப்படவில்லை என்பதும் இருக்கட்டும்.

சபை மக்களில் பலருக்கு ராஜநாயக்கன் யாரென்று தெரியும். பார்க்க வருகிறவர்களில் யாருக்கும் தெரிவதில்லை. அவர்கள் கண்ணில் முதலில் படுவது முகப்பின் உச்சியில் இருக்கும் கிரீடமும் அதோடு சேர்ந்த டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கின் முத்திரை எழுத்தும். உள்ளே போனால் பீடத்தின் முன் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கின் கல்லறை. ஆக ஒரு ராஜா, ஒரு மிஷனரி. "ஓ, வெள்ளைக்காரன் கட்டின சர்ச்சா" என்று சொல்லிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். பாதி உண்மைதான், ஆனால் பாதிதான்.

எல்லோரும் தவறாமல் கேட்கும் இன்னொரு கேள்வி, ஒரே தெருவில் எதற்கு இரண்டு பழைய ஆலயங்கள் என்பது. உங்களுக்குக் கொஞ்ச தூரத்தில் சீயோன் ஆலயம். இன்று அது தென்னிந்தியத் திருச்சபையின் கையில் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு சபை என்று சொன்னால் சரி என்று தலையாட்டுவார்கள். ஆனால் அந்தப் பதில் இன்றைய நிர்வாகத்துக்குத்தான் பொருந்தும். முதலில் இரண்டு ஆலயங்கள் எழுந்ததற்குக் காரணம் வேறு.

தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620ல் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். (அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே மாசிலாமணிநாதர் கோயில் இருந்தது. அதன் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது, அது தனிக் கதை.) அவர்கள் தங்கள் வழிபாட்டுக்காகக் கட்டியது சீயோன் ஆலயம், ஆண்டு 1701. அதாவது வந்து எண்பது ஆண்டுகள் கழித்து. டேனிஷ் வணிகக் கம்பெனிக்காரர்களுக்கு மிளகும் துணியும்தான் முக்கியம். ஊர் மக்களின் ஆன்மாவைப் பற்றி அவர்கள் அலட்டிக்கொள்ளவில்லை. மிஷனரிகள் வருவதே கம்பெனிக்குப் பிடிக்கவில்லை. ராஜா அனுப்பிவிட்டார், வேறு வழியில்லை, அவ்வளவுதான்.

சீகன்பால்கும் புளுட்சோவும் 1706 ஜூலை 9 அன்று கரை இறங்கினார்கள். மறு ஆண்டு மே மாதம் முதல் ஞானஸ்நானம். பெற்றவர்கள் ஐந்து பேர், ஐவரும் டேனிஷ் வீடுகளில் இருந்த அடிமைகள். அது நடந்தது சீயோன் ஆலயத்தில். இந்தத் தகவல் புத்தகங்களில் இருக்கிறது, விழா மலர்களில் "முதல் கனிகள்" என்ற மாதிரி ஒரு வரியாகவும் வருகிறது. அடிமைகள் என்ற சொல் மட்டும் அங்கே அடிக்கடி காணாமல் போகும். எனக்கு அந்தச் சொல்தான் முக்கியமாகப் படுகிறது. எஜமானர்கள் கும்பிடும் இடத்திலேயே அவர்கள் வீட்டு அடிமைகளும் தமிழரும் தங்கள் மொழியில் வழிபடுவது நீண்ட நாளைக்கு ஓடுகிற ஏற்பாடு இல்லை. அதனால்தான் அதே 1707 ஆகஸ்ட் 14ல், தமிழுக்கும் போர்த்துக்கீசியத்துக்குமாகத் தனியே ஒரு சிறிய ஆலயம் திறக்கப்பட்டது. எருசலேம் ஆலயம். உங்கள் ஆலயத்தின் பெயரில் ஏன் "புதிய" இருக்கிறது என்பதற்கான பதில் அது. போர்த்துக்கீசியம் எதற்கு என்பார்கள்: அன்றைக்குத் துறைமுகங்களில் எல்லா நாட்டாரும் பேசிக்கொண்ட பொது மொழி அது, அடிமைகள் வீட்டில் பேசியதும் அதையே.

அந்தச் சிறிய ஆலயம் போதவும் இல்லை, நிலைக்கவும் இல்லை. 1717 பிப்ரவரி 9ல் இப்போதைய கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1718 அக்டோபர் 11ல் பிரதிஷ்டை. இருபது மாதத்தில் கட்டி முடித்திருக்கிறார்கள். சிலுவை வடிவம், நான்கு கைகளும் ஏறக்குறைய ஒரே நீளம். நீண்ட மண்டபமாகப் போகிற வழக்கமான ஆலயம் மாதிரி இல்லாமல், நடுவில் நின்றால் நான்கு பக்கமும் சமமாகத் தெரியும். அங்கே நிற்கும்போது எனக்கு எப்போதும் பிடிப்பது அதுதான்.

இந்தக் கட்டிடத்துக்கு அன்றே எதிர்ப்பு இருந்தது. எதிர்த்தவர்கள் தரங்கம்பாடியில் இல்லை, கோபன்ஹேகனில் இருந்தார்கள். மிஷன் வேலையைக் கவனிக்க அங்கே 1714ல் அமைந்த குழுவின் செயலாளர் கிறிஸ்தியான் வெண்ட் என்பவருக்கு, ஆலயம், பள்ளி, வீடு என்று பணம் போவது பிடிக்கவில்லை. அப்போஸ்தலர்களைப் போல எளிமையாக ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிக்க வேண்டியவர்கள் செங்கல்லில் என்ன செய்கிறார்கள் என்பது அவர் கட்சி. கடிதங்கள் கடுமையாக வந்தன. ஏற்கெனவே உடம்பு முடியாமல் இருந்த சீகன்பால்குக்கு அது பெரிய அடி. பிரதிஷ்டை முடிந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 1719 பிப்ரவரி 23ல் இறந்துபோனார். வயது 36. தாம் கட்டிய ஆலயத்தின் பீடத்தின் முன்னேயே புதைக்கப்பட்டார். கூட இருந்த மிஷனரி கிரண்ட்லரும் மறு ஆண்டே இறந்தார், அவருக்கும் இடம் இங்கேதான். கல்லறைக் கல்லைப் பார்த்துப் படம் எடுக்கிறவர்களிடம் இந்த வெண்ட் கதையைச் சொன்னால் உடனே கேமராவைக் கீழே இறக்கிவிட்டு, "அப்புறம்?" என்று கேட்கிறார்கள். கல்லறை சொல்லாத கதை அது. இதுவும் எழுதி வைக்க வேண்டியது.

சீகன்பால்கின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, மறைக்கவில்லை. வந்த புதிதில் திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் கற்றவர். டேனிஷ் கவர்னர் ஹாசியஸோடு மோதி 1708 கடைசியில் கோட்டைச் சிறைக்குப் போய் நான்கு மாதம் இருந்தவர். நீதி வெண்பாவையும் கொன்றை வேந்தனையும் உலக நீதியையும் 1708லேயே ஜெர்மனில் பெயர்த்தவர். நம் தெய்வங்களைப் பற்றி 1713ல் அவர் எழுதி அனுப்பிய பெரிய நூலை ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்த மிஷன் பெரியவர்கள் அச்சிடவே இல்லை. அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை இங்கே பரப்புவதற்கு இல்லை என்ற தோரணையில் ஒதுக்கிவிட்டார்கள். 1867ல்தான், அதுவும் சென்னையில், அது அச்சானது. இத்தனையும் தெரிந்தவர்கள் அவரை ஏதோ ஒரு பிரசங்கி என்று கடந்துபோக முடியாது.

ஆனால் அந்த வேலை எதையும் அவர் தனியாகச் செய்யவில்லை. கம்பெனியில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த அழகப்பன் இல்லாமல் அவருக்கு ஊரே புரிந்திருக்காது. போர்த்துக்கீசியம், டேனிஷ், ஜெர்மன், டச்சு என்று பல மொழி அறிந்த மனிதர். வெள்ளைக்காரப் பாதிரிக்கு உதவியதற்காக அவர் பட்டது கொஞ்சநஞ்சம் இல்லை. ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார், தஞ்சாவூரில் சிறையிலும் கிடந்தார். திண்ணை ஆசிரியரின் மகன் கணபதி வாத்தியார் 1709ல் ஞானஸ்நானம் பெற்றார், வீட்டார் கொதித்துப்போனார்கள். இயேசுவைப் பற்றித் தமிழில் பாட்டுகள் கட்டிய அவர் பிற்பாடு பழைய மதத்துக்கே திரும்பிவிட்டார். அப்படித் திரும்பியவரையும் எழுத வேண்டுமா என்று நீங்கள் தயங்கலாம். எழுதத்தான் வேண்டும் என்பேன். நடந்தது நடந்ததுதானே. 1714ல் சீகன்பால்கு ஐரோப்பா போனபோது கூடவே கப்பலேறியவர் மலையப்பன். அந்தக் காலத்தில் கடலில் ஆறேழு மாதம் கிடந்து ஜெர்மனி போய்த் திரும்பிய தரங்கம்பாடித் தமிழர் ஒருவர் நம் பேச்சில் அடிபடுவதே இல்லை என்பது எனக்கு ஆச்சரியம். அவருடைய துணையோடுதான் கப்பலிலும் ஹாலேயிலும் தமிழ் மொழிபெயர்ப்பு வேலை தொடர்ந்தது.

இனி ராஜநாயக்கன்.

பறையர் வகுப்பில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தஞ்சை அரசரின் படையில் சேர்வைக்காரர், அதாவது ஒரு சிறு படைத் தலைவர். தரங்கம்பாடி அச்சகத்தில் முதலில் அச்சான நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் சேர்ந்த தமிழ்ப் புத்தகம் எப்படியோ அவர் கைக்கு வந்தது. 1714ல் அச்சான புத்தகம். யாரும் பிரசங்கம் பண்ணி அவரை அழைத்து வரவில்லை. படித்தார், படித்ததில் பிடிபட்டார், 1720களின் கடைசியில் தாமாகவே தரங்கம்பாடி மிஷனரிகளைத் தேடி வந்தார். அச்சு இயந்திரம், ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்து, பொறையாறில் 1715 வாக்கில் தொடங்கிய காகிதப் பட்டறை என்று இந்த மிஷன் செலவழித்ததற்கெல்லாம் ஒரே ஆளைச் சாட்சியாகக் காட்டச் சொன்னால் நான் அவரைத்தான் காட்டுவேன். அதன்பின் படையை விட்டு உபதேசியாரானார். டேனிஷ் எல்லைக்குள் மிஷனரிகள் பத்திரமாக இருந்தார்கள். தஞ்சை நாட்டுக்குள் ஐரோப்பியர் நினைத்தபடி போய்வர முடியாத காலம் அது. அங்கே ஊர் ஊராக நடந்தது ராஜநாயக்கன் போன்றவர்கள்.

1733ல் தமிழர் ஒருவரை ஆயராக அபிஷேகம் பண்ண மிஷனரிகள் முடிவெடுத்தார்கள். பேச்சில் இருந்தவர்கள் மூன்று பேர்: ஆரோன், தியோகு, ராஜநாயக்கன். கடலூரில் ஆறுமுகம் என்று சைவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த ஆரோன், உங்கள் ஆலயம் திறந்த அதே 1718ல் ஞானஸ்நானம் பெற்றவர். அவர் 1733 டிசம்பர் 28 அன்று அபிஷேகம் பெற்றார். இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் இந்திய ஆயர். தியோகு 1741ல் ஆயரானார். ராஜநாயக்கன் ஆகவில்லை. அவர் திறமையில் யாரும் குறை காணவில்லை. பறையரான அவர் கையால் வேளாளக் கிறிஸ்தவர்கள் திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்க மாட்டார்கள் என்பதுதான் காரணம். மிஷனரிகள் அதை ஒளித்துவைக்கவும் இல்லை, தங்கள் கடிதங்களிலேயே எழுதிவைத்தார்கள். 1771ல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, அவர் உபதேசியாராகவே இருந்தார்.

ஆரோனைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. பன்னிரண்டே ஆண்டுகள் ஊழியம் செய்து 1745ல் இறந்த அவரும் லேசான வாழ்க்கை வாழவில்லை. அவர் பெயரைச் சொல்லும்போது அடுத்த மூச்சில் ராஜநாயக்கன் பெயரையும் சொல்லுங்கள் என்கிறேன். ஒருவரை மட்டும் சொன்னால் அது பெருமை. இருவரையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு.

உட்காரும் இடத்தையும் சொல்ல வேண்டும். இந்த ஆலயத்துக்குள் வேளாளர் ஓரிடம், பறையர் ஓரிடம் என்று பிரிந்து உட்கார்ந்தார்கள். மிஷனரிகள் அதை ஒப்புக்கொண்டு நடந்தார்கள். பின்னால் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலிகன் மிஷன்கள் சாதி பார்ப்பதைக் கண்டித்தபோது, அதை ஏற்காத பலர் லுத்தரன் சபைக்கு மாறி வந்தார்கள், அந்தச் சபையை அப்போது நடத்திய ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் சாதி விஷயத்தில் அத்தனை கறாராக இல்லை என்பதால். வரலாறு படித்த உங்கள் ஆயர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. பாட்டன் பூட்டன் எங்கே உட்கார்ந்தார் என்பது சபையில் இருக்கும் குடும்பங்களுக்கும் புதிதில்லை. வாசலில் நின்று படம் எடுக்கும் வெளியூர்க்காரருக்கு மட்டும்தான் இது தெரியாது. யாரிடமிருந்து மறைக்கிறோம் என்று யோசித்தால் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

"உன் கோயிலை முதலில் பார்" என்று யாராவது சொல்வார்கள். நியாயம். சென்னை மாகாணத்தில் 1939ல் ஆலயப் பிரவேசச் சட்டம் வருகிறவரை எங்கள் பெரிய கோயில்களின் வாசலே பலருக்குத் திறக்கவில்லை. அதை எங்கள் தல வரலாற்றுப் புத்தகங்களில் தேடினால் கிடைக்காது. ஆழ்வார்களும் நாயன்மார்களும் வந்ததெல்லாம் இருக்கும், யாரை விடவில்லை என்பது இருக்காது. அங்கே நாங்கள் செய்யாததை உங்களிடம் கேட்கிறேன் என்பது உண்மைதான். உங்களிடம் கேட்க ஒரு காரணம் உண்டு. உங்களிடம் காகிதம் இருக்கிறது. தேதி போட்டு, பெயர் போட்டு, யார் என்ன சொன்னார் என்று மிஷனரிகள் விடாமல் எழுதி ஹாலேக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவை பத்திரமாக இருக்கின்றன, அங்கே பலவற்றை ஸ்கேன் செய்தும் வைத்துவிட்டார்கள். இவ்வளவு துல்லியமாகத் தன் கதை தெரிந்த பழைய கட்டிடம் நம் பக்கத்தில் அபூர்வம்.

"புண்ணைக் கிளறாதே" என்பவர்களும் இருப்பார்கள். அவர்களோடு நான் சண்டை போட வரவில்லை. ராஜநாயக்கன் பெயரை ஒரு கல்லில் செதுக்குவதால் யாருக்கு எந்தப் புண் கிளறப்படும் என்று மட்டும் அவர்கள் யோசித்துச் சொல்லட்டும்.

எனக்கு இன்னொரு பயம், அது சுவர்களைப் பற்றியது. 2004 சுனாமியில் ஆலயம் பாதிக்கப்பட்டு, சீகன்பால்கு வந்திறங்கிய முந்நூறாவது ஆண்டான 2006ல் சீரமைக்கப்பட்டது. அதற்கப்புறம் வருஷங்கள் ஓடிவிட்டன. தரங்கம்பாடிக் காற்றில் உப்பு எவ்வளவு என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வீட்டு ஜன்னல் கம்பி சொல்லும். பழைய செங்கல் சுவர் ஓதம் ஏறி உப்புப் பூக்கும்போது, பூச்சு உதிர்கிறதே என்று சிமென்ட் வைத்து அப்புவதுதான் எங்கும் நடக்கிறது. பார்க்க நன்றாக இருக்கும், கொஞ்ச காலத்துக்கு. சுண்ணாம்புக் காரை மூச்சு விடும். ஈரம் அதன் வழியே வெளியேறும், உப்பும் அந்தப் பூச்சிலேயே வந்து படியும். பூச்சு உதிர்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமென்ட் அடைத்துவிடும். ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கிச் செங்கல்லை மாவாக்கும். வெளியே கெட்டியாக இருக்கும் சுவர் உள்ளே பொடிப்பொடியாகப் போயிருக்கும். அதே கதைதான் எமல்ஷன் பெயின்டுக்கும். பழுது பார்க்கும் வேலை எப்போது வந்தாலும், சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்துக் காரை அரைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். நம் ஜில்லாவிலேயே இன்னும் இருக்கிறார்கள். வேலை மெதுவாகத்தான் நடக்கும், கூலியும் கூட ஆகும்.

தரைக்கும் இது பொருந்தும். யாராவது ஒரு நல்ல மனிதர் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி, கிரானைட் போடுங்கள் என்பார். மறுக்கச் சங்கடமாக இருக்கும். டியூப்லைட்டில் உபயதாரர் பெயரை எழுதி வெளிச்சத்தை மறைக்கும் வழக்கம் எங்கள் கோயில்களோடு நின்றுவிட்டதாக நான் நினைக்கவில்லை. வெளியூரில் நான் பார்த்த பழைய ஆலயம் ஒன்றில், பெயர் வேண்டாம், புதுத் தரைக்குப் பணம் கொடுத்தவர்கள் பட்டியல் ஆள் உயரப் பளிங்கில் இருந்தது. அந்த ஆலயத்தைக் கட்டிய உபதேசியார் யார் என்று கேட்டால் ஆலயத்தைக் கவனித்துக்கொள்ளும் கோயில்குட்டிக்கே தெரியவில்லை. உங்களிடம் பளிங்குக்கு இடம் இருந்தால் அதில் முதல் பெயராக யாரைப் போடலாம் என்று நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

பதிவேடுகளைப் பற்றியும் கொஞ்சம். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பழைய பதிவேடுகள் சபையிலோ திருச்சபைக் காப்பகத்திலோ எங்கிருந்தாலும், அவற்றையும் படமெடுத்து இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். ஐரோப்பாவில் இருக்கும் கடிதங்கள் மிஷனரிகளின் குரல். சபை மக்கள் அவற்றில் மிஷனரிகள் சொன்ன அளவுக்குத்தான் வருவார்கள். பதிவேட்டில் அப்படி இல்லை. வண்ணான், தச்சன், தோட்டி, சிப்பாய், விதவை என்று ஆள் ஆளாக வருவார்கள். 1845ல் டேனிஷ்காரர்கள் ஊரை, வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து, ஆங்கிலேயருக்குப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனதும், 1860ல் ஜில்லாத் தலைமையிடம் தஞ்சாவூருக்குப் போனதும், மறுவருஷம் ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்ததும் தரங்கம்பாடித் துறைமுகத்தைச் சாய்த்துவிட்டன என்று பொதுவாக எழுதுகிறோம். ஊர் காலியானபோது எந்தக் குடும்பங்கள் போயின, யார் தங்கினார்கள் என்பது அப்படிப் பொதுவாக எழுதுவதில் வராது. பதிவேட்டின் பக்கங்களில் இருந்தால்தான் உண்டு. அந்தக் காகிதத்துக்கும் இதே உப்புக் காற்றுதான்.

சொன்னதையெல்லாம் செய்யப் பெரிய பணம் தேவையில்லை, காரை வேலையைத் தவிர. சுவரோரம் ஒரு பலகை, பெரிய எழுத்தில், பத்தாம் வகுப்புப் பிள்ளை நின்று படிக்கிற தமிழில். ஆங்கிலம் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் முதலில் தமிழ் வரட்டும். மிஷனரிகளின் பெயர்கள் தாராளமாக இருக்கட்டும். ஐந்து அடிமைகள், அழகப்பன், கணபதி, மலையப்பன், ஆரோன், தியோகு, ராஜநாயக்கன் என்று மற்றவர்களும் வரட்டும். ஆலயத்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது ஒரு பத்தி. 1919ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக நீங்கள் தனித்து நின்றது ஒரு பத்தி. முதல் உலகப் போரில் ஜெர்மன் மிஷனரிகள் போக வேண்டிவந்து, ஸ்வீடன்காரர்கள் கைகொடுத்து, அதற்குப் பிறகு வந்த நிலை அது. ஆனாலும் 1921ல் முதல் பேராயராக அமர்ந்தவர் ஸ்வீடன்காரர்தான், எர்ன்ஸ்ட் ஹூமன். தமிழர் ஒருவர் ஆயராகி ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்தும் பேராயர் நாற்காலிக்கு வெளியிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. அதையும் அந்தப் பத்தியிலேயே எழுதிவிடலாம். சீகன்பால்கு வாழ்ந்த வீட்டை அருங்காட்சியகமாக்கியிருக்கிறீர்கள், நல்ல காரியம். ஆனால் அவசரமாக வருகிறவர் ஆலயத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார், அதனால்தான் ஆலயத்துக்குள்ளேயே வேண்டும் என்கிறேன்.

வாசகத்தை நீங்களே எழுதுவதுதான் முறை. உங்கள் ஆயர்களில் வரலாறு நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், சென்னை குருகுல் இறையியல் கல்லூரியில் கேட்டாலும் ஆள் கிடைக்கும். எழுத்துப்பிழை பார்க்கவும், வருகிறவர்களிடம் ஒருமுறை படித்துக்காட்டி எது புரிகிறது எது புரியவில்லை என்று சொல்லவும் நான் தயார். அடுத்த சபைச் சங்கக் கூட்டத்தில் இந்தக் கடிதத்தைப் பேச எடுத்துக்கொண்டால், என்ன முடிவானது என்று ஒரு வரி தெரிவியுங்கள். வேண்டாம் என்று முடிவானாலும் காரணத்தோடு தெரிவியுங்கள். ராஜநாயக்கன் விஷயத்தில் உங்கள் முன்னோர்கள் காரணத்தை எழுதிவைத்தார்கள். அதனால்தான் இன்று அதைப் பற்றிப் பேச முடிகிறது.

மரியாதையுடன்,
பொறையாறுக்காரன் ஒருவன்